உயர்ந்த கட்டடங்களும் தடுமாறும் நீலப்புள்ளியும்

கைபேசியின் வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வயல்வெளியிலோ விளையாட்டுத் திடலிலோ நின்று பார்த்தால் அது அடக்கமாக ஒரே இடத்தில் நிற்கும். பெரு நகரம் ஒன்றில், இருபுறமும் வானளாவிய கட்டடங்கள் நெருங்கி நிற்கும் தெருவில் பார்த்தால் அதே புள்ளி எதிர் வரிசைக்குத் தாவும், கட்டடத்துக்குள் புகும், அடுத்த தெருவுக்கும் போய்விடும். நீங்களோ நின்ற இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகர்ந்திருக்க மாட்டீர்கள்.

கைபேசி பழுதடைந்துவிட்டது என்று பலர் எண்ணுவர். உண்மையில் பெரும்பாலும் பழுது ஏதும் இல்லை. அந்தப் புள்ளியின் தடுமாற்றத்துக்குப் பின்னால் நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் இயற்பியல்தான் இருக்கிறது: நேர்கோட்டில் செல்லும் அலை, நிழல், எதிரொளிப்பு, ஆடியில் தோன்றும் பிம்பம், கெப்ளரின் விதி. இவற்றைக் கொண்டே அதனைப் புரிந்துகொள்ள முடியும். எப்படி என்று பார்ப்போம்.

நேரமே தூரம்

மின்னலைக் கண்டபின் இடி கேட்பதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று விநாடி ஆனால் மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது என்று பொருள். ஒலியின் வேகம் தெரிந்திருப்பதால் நேரத்தைத் தூரமாக மாற்றிவிடுகிறோம். ஜி.பி.எஸ். அமைப்பும் இதையேதான் செய்கிறது. ஒலிக்குப் பதிலாக வானொலி அலை. மேகத்துக்குப் பதிலாகச் செயற்கைக் கோள்.

ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி வருகின்றன. அவற்றில் முதலாவது 1978-ஆம் ஆண்டு ஏவப்பட்டது. முழு அமைப்பும் 1995-இல் நிறைவுற்றது. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன செயற்கைக் கோள், இந்த நேரத்தில் இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று அது ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. இந்த அலை உங்கள் கைக்கு வந்து சேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்கு நேரம் பிடிக்கும்.

வந்து சேர்ந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒளி ஒரு மைக்ரோ விநாடியில், அதாவது விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர் சென்றுவிடுகிறது. கைபேசியில் இருப்பதோ சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம். அது அவ்வளவு துல்லியமானதன்று. ஆகவே கைபேசிக்குத் தெரியாத அளவுகள் மூன்றல்ல, நான்கு: கிழக்கு-மேற்கு இடம், வடக்கு-தெற்கு இடம், உயரம், தன் கடிகாரத்தின் பிழை. நான்கு தெரியாதவற்றைக் காண நான்கு சமன்பாடுகள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக் கோள்களின் அலைகள் கைபேசிக்குக் கிடைத்தாக வேண்டும்.

மெலிந்த அலை, ஆழ்ந்த நிழல்

செயற்கைக் கோள் ஒலிபரப்பும் அலையின் திறன் சில பத்து வாட்டுகள் மட்டுமே. பழைய குண்டு மின்விளக்கு ஒன்றின் அளவு எனலாம். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் அந்த 'விளக்கின்' அலை பூமியை அடையும்போது, கைபேசிக்குக் கிடைக்கும் திறன் ஏறத்தாழ 10⁻¹⁶ வாட். ஒரு வாட்டை நூறு கோடிக் கோடிப் பங்குகளாக்கினால் அதில் ஒரு பங்கு! இத்தனை மெலிந்த அலை கான்கிரீட் சுவரைத் துளைத்து வந்தால் அதில் மிஞ்சுவது மிகச் சொற்பம்.

சுவரைத் துளைக்க முடியாவிட்டால் சுவரைச் சுற்றி வளைந்து வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தெரு முனைக்கு அப்பால் யாரேனும் பேசினால், ஆளைக் காணாவிட்டாலும் குரல் கேட்கிறதல்லவா? ஒலியின் அலைநீளம் பெரியது; அதனால் அது விளிம்புகளில் நன்றாக வளைகிறது. ஒளியின் அலைநீளம் மிகமிகச் சிறியது. ஆகவே அது வளையாமல் நிழலை உண்டாக்குகிறது. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் முக்கிய அலையின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் சுமார் 19 செ.மீ. என்று வரும். நூறு மீட்டர் உயரக் கட்டடத்துக்கு முன் 19 செ.மீ. மிகச் சிறிது. எனவே இந்த அலையும் ஏறத்தாழ ஒளியைப் போலவே நடந்துகொள்கிறது. கட்டடத்துக்குப் பின்னால் ஆழ்ந்த நிழல் விழுகிறது.

டோக்கியோ நகரின் கதை

இந்தச் சிக்கலை ஒரு நாடு முழுமுயற்சியுடன் எதிர்கொண்ட வரலாறு ஜப்பானில் இருக்கிறது. அதன் தலைநகரான டோக்கியோவில் ஒரு காலத்தில் 31 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பப் பொதுவாக அனுமதி இல்லை. 1963-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இந்த வரம்பைத் தளர்த்தியது. 1968-இல் 36 மாடிகளுடன் 147 மீட்டர் உயரமுள்ள காசுமிகசேகி கட்டடம் எழுந்தது. பின்னர் மேற்கு ஷின்ஜுகு பகுதியில் உயர்ந்த கட்டடங்கள் வரிசையாக வளர்ந்தன. 1990-இல் கட்டி முடிக்கப்பட்ட டோக்கியோ பெருநகர அரசின் கட்டடம் மட்டும் 243 மீட்டர் உயரம்.

அந்நகரின் மற்றொரு தன்மையையும் நீங்கள் அறிய வேண்டும். டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. வட்டாரத்தின் பெயர், அதன் உட்பிரிவு எண், மனைத் தொகுதி எண், கட்டட எண் என்ற முறையில்தான் முகவரி எழுதுகிறார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து "இன்ன தெருவில் நிற்கிறேன்" என்று சொல்ல வழியில்லாத ஊரில் வரைபடத்தின் உதவி எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும், 2007 ஏப்ரல் முதல் அங்கே கைபேசியிலிருந்து காவல் துறையின் 110 எண்ணையோ, தீயணைப்பு மற்றும் அவசர ஊர்தி சேவையின் 119 எண்ணையோ அழைத்தால், அழைப்பவர் இருக்கும் இடமும் கூடவே தெரிவிக்கப்படும் ஏற்பாடு வந்தது. மயங்கி விழுந்த ஒருவருக்காக உதவி கேட்கும்போது இடம் 50 மீட்டர் தவறினால், அவசர ஊர்தி வேறொரு மனைத் தொகுதியின் வாசலில் போய் நிற்கக்கூடும்.

தெருவில் தெரியும் வானம்

இனி ஒரு கணக்குப் போடுவோம். கிழக்கு மேற்காகச் செல்லும் 30 மீட்டர் அகலத் தெரு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருபுறமும் 90 மீட்டர் உயரக் கட்டடங்கள். நீங்கள் வடக்கு நடைபாதையில், வடக்குச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். தெற்குச் சுவர் உங்களிடமிருந்து 25 மீட்டர் தொலைவில் இருக்கிறது.

வடக்குக் கட்டடத்தின் உச்சியைப் பார்க்க எத்தனை பாகை நிமிர வேண்டும்? டேன்ஜென்ட் மதிப்பு 90/5, அதாவது 18. கோணம் சுமார் 87 பாகை. தெற்குக் கட்டடத்துக்கு 90/25, அதாவது 3.6, கோணம் சுமார் 74 பாகை. வடக்குத் தொடுவானிலிருந்து தெற்குத் தொடுவான் வரை உள்ள 180 பாகையில் கட்டடங்கள் மறைத்தது போக உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 19 பாகை மட்டுமே! தெருவின் நீளப் போக்கில் மட்டும் வானம் கீழே வரை திறந்திருக்கும். ஆழமான பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேலே பார்ப்பது போன்றதே இது.

இதனால் இரண்டு தொல்லைகள் விளைகின்றன. முதலாவது, தெரியும் செயற்கைக் கோள்களின் எண்ணிக்கை குறைகிறது. இரண்டாவது, தெரிகின்ற சிலவும் தெருவின் போக்கிலேயே ஒரே வரிசையில் அமைந்துவிடுகின்றன. இது ஏன் தொல்லை என்பதை அறிய, வரைபடத்தாளில் இரு கோடுகளைச் செங்குத்தாக வெட்டும்படி வரையுங்கள். ஒரு கோட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் வெட்டும் புள்ளியும் ஒரு மில்லிமீட்டரே நகரும். இப்போது ஏறக்குறைய இணையாகச் செல்லும் இரு கோடுகளை வரைந்து அதையே செய்து பாருங்கள். வெட்டும் புள்ளி வெகுதூரம் ஓடிவிடும். செயற்கைக் கோள்கள் வானெங்கும் பரவியிருந்தால் முதல் வகை. ஒரே வரிசையில் இருந்தால் இரண்டாம் வகை. நம் தெருவில் நீங்கள் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறீர்கள் என்பது ஓரளவு சரியாகவே தெரியும். வடக்கு நடைபாதையிலா தெற்கு நடைபாதையிலா என்பதுதான் தெரியாது. நீலப்புள்ளி அடிக்கடி எதிர் வரிசைக்குத் தாவுவதற்கு இது முதற் காரணம்.

புள்ளி காட்டுவது உங்கள் பிம்பத்தை!

அடுத்த காரணம் இதைவிடச் சுவையானது. கண்ணாடியும் உலோகமும் பதித்த சுவர்கள் வானொலி அலைகளுக்கு நல்ல ஆடிகள். வடக்கு வானில், தொடுவானிலிருந்து 60 பாகை உயரத்தில் ஒரு செயற்கைக் கோள் இருப்பதாகக் கொள்வோம். அதன் அலை நேராக உங்களை அடைய முடியாது. வடக்குக் கட்டடம் குறுக்கே நிற்கிறது. ஆனால் அக்கட்டடத்தின் உச்சியைத் தாண்டி வரும் அலை தெற்குச் சுவரில் மோதி, எதிரொளித்து, உங்களை வந்து அடைகிறது. கைபேசிக்கு இந்தச் சூழ்ச்சி தெரியாது. அலை நேராக வந்ததாகவே அது எடுத்துக்கொள்கிறது.

சுற்றி வந்ததால் கூடிய தூரம் எவ்வளவு? சுவருக்கு உள்ள தூரத்தின் இரு மடங்கை 60 பாகையின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும்: 2 × 25 × ½ = 25 மீட்டர். அலை சுமார் 83 நானோ விநாடி தாமதமாக வருகிறது. வடக்கே இருக்கும் செயற்கைக் கோள் 25 மீட்டர் அதிகத் தொலைவில் இருப்பதாகத் தெரிந்தால், தான் தெற்கே தள்ளி இருப்பதாகத்தானே கைபேசி முடிவு செய்யும்?

சமதள ஆடிக்கு முன் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, பிம்பமும் ஆடிக்குப் பின்னால் அவ்வளவு தூரத்தில் தோன்றும் என்று படித்திருக்கிறீர்கள். தெற்குச் சுவரை ஆடியாகக் கொண்டால் உங்கள் பிம்பம் அச்சுவருக்கு 25 மீட்டர் பின்னால், அதாவது உங்களிடமிருந்து 50 மீட்டர் தெற்கே இருக்கும். அச்சுவரில் எதிரொளித்து வரும் அலைகளை மட்டுமே நம்பினால் கைபேசி காட்டும் இடமும் சரியாக அதுவே! நேராக வரும் அலைகளும் கலந்திருப்பதால் நடைமுறையில் புள்ளி உங்களுக்கும் பிம்பத்துக்கும் இடையே எங்கோ நின்று ஊசலாடுகிறது. சில அலைகள் மறைந்தும் சில புதிதாகத் தோன்றியும் வருவதால் அது நொடிக்கு நொடி இடம் மாறுகிறது.

எதிரொளித்த அலையை அடையாளம் காண ஓர் இயற்கையான வழி உண்டு. ஜி.பி.எஸ். அலை திருகாணி போல வலப்புறமாகத் திருகிக்கொண்டே வருகிறது. ஆடியில் உங்கள் வலக்கை இடக்கையாகத் தோன்றுவது போல, சுவரில் எதிரொளித்ததும் அதன் திருகல் பெரும்பாலும் இடப்புறமாக மாறிவிடுகிறது. நில அளவைக் கருவிகளின் பெரிய ஆன்டெனாக்கள் வலத் திருகலை ஏற்று இடத் திருகலைப் பெருமளவு ஒதுக்கிவிடும். கைபேசிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் சிறிய ஆன்டெனாவுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. இரண்டையும் ஒன்றுபோல ஏற்கிறது.

தலைக்கு மேல் ஒரு வழிகாட்டி

பள்ளத்தாக்கின் அடியில் நிற்பவருக்குத் தெரிவது தலைக்கு நேர் மேலே உள்ள வானம் மட்டுமே. ஆகவே அங்கே எப்போதும் ஒரு செயற்கைக் கோளை நிறுத்திவிட்டால் என்ன? ஜப்பானிய அறிஞர்கள் இப்படித்தான் சிந்தித்தனர். ஆனால் வானில் அசையாது நிற்பது போலத் தோன்றும் புவிநிலைச் செயற்கைக் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலேதான் இருக்க முடியும். டோக்கியோ 35.7 பாகை வடக்கு அட்சத்தில் இருப்பதால், அங்கிருந்து பார்த்தால் அத்தகைய செயற்கைக் கோள் அதிகம் போனால் சுமார் 48 பாகை உயரத்தில்தான் தெரியும். நம் தெருவில் அது தெற்குக் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்துவிடும்.

இங்கே கெப்ளர் உதவிக்கு வருகிறார். ஒரு நாளில் ஒரு சுற்று வரும் சுற்றுப்பாதையையே எடுத்துக்கொண்டு, அதை நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 40 பாகை சாய்த்தனர். வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக அமைத்து, பூமியிலிருந்து மிகத் தொலைவான பகுதி ஜப்பான் பக்கம், அதாவது வடக்கே வருமாறு செய்தனர். நீள்வட்டத்தில் தொலைவான பகுதியில் செல்லும்போது வேகம் குறையும் என்பது கெப்ளரின் இரண்டாம் விதி. அண்மையில் ஏறத்தாழ 33,000 கி.மீ. உயரத்திலும் தொலைவில் ஏறத்தாழ 39,000 கி.மீ. உயரத்திலும் செல்லும் இந்தச் செயற்கைக் கோள், ஒரு நாளில் சுமார் 13 மணி நேரத்தை வட அரைக்கோளத்தின் மேலும், மீதி 11 மணி நேரத்தைத் தென் அரைக்கோளத்தின் மேலும் கழிக்கிறது. தரையிலிருந்து பார்ப்பவருக்கு அதன் பாதை, ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே எழுதப்பட்ட ஓர் 8 போலத் தோன்றும். அந்த எட்டின் தலைப் பகுதியில் அது மெதுவாக ஊர்கிறது. எனவே நாளில் சுமார் எட்டு மணி நேரம் டோக்கியோவின் தலைக்கு மேல், உச்சிக்கு அருகே அது தெரியும். இத்தகைய மூன்று இருந்தால் முறை வைத்து நாள் முழுதும் காவல் காக்கலாம்.

இவ்வகையில் முதலாவது 2010 செப்டம்பர் 11 அன்று ஏவப்பட்டது. அதன் பெயர் 'மிச்சிபிக்கி'. ஜப்பானிய மொழியில் 'வழிகாட்டுதல்' என்று பொருள். 2017-இல் மேலும் மூன்று சென்றன. 2018 நவம்பர் 1 முதல் நான்கு செயற்கைக் கோள்களுடன் முறையான சேவை தொடங்கியது. ஜி.பி.எஸ். போன்ற அலைகளையே இவையும் அனுப்புவதால் கைபேசி இவற்றையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. மூன்று மட்டுமே தெரிந்த தெருவில் நான்காவது ஒன்று, அதுவும் சுவரில் மோதாமல் நேராக வரும் தூய அலையுடன் கிடைத்துவிடுகிறது.

ஆனால் இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. தலைக்கு நேர் மேலிருந்து வரும் அலை உயரத்தைப் பற்றி நிறையச் சொல்லும். வடக்கா தெற்கா என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். அதற்கு வேறு உபாயங்கள் தேவை.

வேறு உபாயங்கள்

எளிய உபாயம், மேலும் பல செயற்கைக் கோள்களைப் பயன்படுத்துவது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். தவிர, ரஷ்யாவின் கிளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் உலகெங்கும் பயன்படுகின்றன. இந்நான்கையும் சேர்த்தால் வானில் நூறுக்கும் மேற்பட்டவை உள்ளன. குறுகிய வானத்திலும் சில அகப்படும்.

இன்னொன்று எதிரொலியைப் பிரித்தறிவது. பெரிய சுவர் ஒன்றின் முன் நீட்டிக் குரல் கொடுத்தால் குரலும் எதிரொலியும் கலந்துவிடும். 'டக்' என்று கைதட்டினால் இரண்டும் தனித்தனியே கேட்கும். ஜி.பி.எஸ்.ஸின் பழைய குறியீட்டில் ஒவ்வொரு துடிப்பும் வெளியில் சுமார் 293 மீட்டர் நீளம் கொண்டது. 25 மீட்டர் பிந்தி வரும் எதிரொலி அதனோடு கலந்துவிடும். எல்-5 எனப்படும் புதிய அலையில் துடிப்பின் நீளம் அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 29 மீட்டர்தான். இது கைதட்டலைப் போன்றது. 2018 முதல் இவ்விரு அலைகளையும் பெறும் கைபேசிகள் சந்தைக்கு வந்துள்ளன. எனினும், நேரான அலையே வராமல் எதிரொளித்தது மட்டும் வந்தால் ஒப்பிட ஏதுமின்றி இம்முறையும் தடுமாறும்.

மூன்றாவது உபாயம் மிக அழகானது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பால் குரோவ்ஸ் என்பவர் 2011-இல் இதை விளக்கி எழுதினார். நிழலைத் தொல்லையாகக் கருதாமல் தடயமாகக் கருதுவதே இதன் அடிப்படை. நம் தெருவுக்கே மீண்டும் வருவோம். தெற்கு வானில் 80 பாகை உயரத்தில் ஒரு செயற்கைக் கோள் இருக்கிறது. வடக்கு நடைபாதையில் நிற்பவருக்குத் தெற்குக் கட்டடம் 74 பாகை வரைதான் மறைக்கிறது. ஆகவே அது தெரியும். தெற்கு நடைபாதையில் சுவரிலிருந்து 5 மீட்டரில் நிற்பவருக்கு அதே கட்டடம் 87 பாகை வரை மறைக்கிறது; ஆகவே அது தெரியாது. கட்டடங்களின் உயரம் குறித்த முப்பரிமாண வரைபடம் கையில் இருந்தால், "இந்தச் செயற்கைக் கோளின் அலை வலுவாகக் கிடைக்கிறது, எனவே நான் வடக்கு நடைபாதையில்தான் இருக்க வேண்டும்" என்று கைபேசி முடிவு செய்யலாம். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் நிறுவனமும் கட்டடங்களின் முப்பரிமாண வரைபடத்தைக் கொண்டு பிழை திருத்தும் வசதியை ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அறிமுகப்படுத்தியது.

இவை தவிர, அருகிலுள்ள வைஃபை நிலையங்கள், கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானி, சுழற்சியை உணரும் கருவி, திசைகாட்டி ஆகியவையும் துணை செய்கின்றன. எத்தனை அடி, எந்தத் திசையில் நடந்தீர்கள் என்பதை இவை கணக்கிட்டு, புள்ளி காரணமின்றித் தாவுவதைத் தடுக்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பாகைமானி, நூல், சிறு கல் போதும். பாகைமானியின் நேர் விளிம்பின் நடுவில் நூலைக் கட்டிக் கல்லைத் தொங்கவிடுங்கள். நேர் விளிம்பின் வழியே கட்டடத்தின் உச்சியை நோக்குங்கள். நூல் 90 பாகைக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே உச்சியின் ஏற்றக் கோணம். சூரியனை மட்டும் ஒருபோதும் இவ்வாறு நோக்கக் கூடாது. எட்டுத் திசைகளிலும் இக்கோணத்தை அளந்து குறித்துக்கொண்டால் உங்களுக்குத் தெரியும் வானத்தின் படத்தை வரைந்துவிடலாம்.

பிறகு, செயற்கைக் கோள்களின் நிலையையும் அலையின் வலிமையையும் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் பெரியவர்களின் கைபேசியில் நிறுவி, பள்ளித் திடலின் நடுவிலும் இரு உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் வைத்துப் பாருங்கள். திடலில் முப்பதுக்கும் மேற்பட்டவை தெரியலாம். கட்டடங்களுக்கு இடையில் எவை மறைந்தன, எவை மெலிந்தன என்று உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டிய ஒன்றின் அலை வந்துகொண்டிருந்தால், அது எந்தச் சுவரில் எதிரொளித்து வருகிறது என்று கண்டுபிடிக்க முயலுங்கள்.

அவசரத்தில் உதவி கேட்டு அழைக்க நேர்ந்தால் நீலப்புள்ளியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கட்டடத்தின் பெயர், எத்தனையாவது மாடி, சாலையின் எந்தப் பக்கம், எதிரே என்ன கடை என்பதையும் வாயால் சொல்லுங்கள். புள்ளி உங்கள் பிம்பத்தைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். நீங்கள் நிற்கும் இடம் உங்களுக்குத்தான் தெரியும்.